ஈடுபாடு பூஜ்ஜியம்

எங்கள் கல்லூரியில் அவருக்குச் "சாய்வு மேடம்" என்று பெயர். முதல் வருட மாணவர்களுக்கு நுண்கணிதம் எடுப்பவர். வகைக்கெழு என்றால் என்ன என்று யார் கேட்டாலும், "சாய்வுப்பா, வெறும் சாய்வு. மேடு ஏறும்போது முட்டி வலிக்குதுல்ல, அதேதான்" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பலகையில் அவர் எழுதும் வரிகள் போகப் போக மேலே ஏறி, கடைசியில் மின்விசிறியைத் தொடப் பார்க்கும் என்பதும் ஒரு காரணம்.

நான் இயற்பியல் எடுப்பவள். ஆசிரியர் அறையில் அவர் மேசைக்கு எதிர் மேசை என்னுடையது. அதனால் நடந்ததையெல்லாம் கிட்டத்திலிருந்து பார்த்தேன். இப்போது சொல்லும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் பிறவி மேதை எல்லாம் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது இதே நுண்கணிதத்தில் தோற்று, மறுபடி எழுதித் தேறியவர். அதை ஒளிக்கவும் மாட்டார். வகுப்பின் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நான் ஃபெயிலானவ. அதனால எந்த இடத்துல வழுக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். வழுக்கறதுக்கு முன்னாடியே கத்துவேன். கோவிச்சுக்காதீங்க." கத்தவும் செய்வார். அவர் பாடம் எடுத்தால் என் ஆய்வகத்தில் இருக்கும் ஊசல்களுக்கும் கொஞ்சம் கணக்கு வந்துவிடும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

பல வருடங்கள் அவர் சுண்ணக்கட்டியோடுதான் மல்லுக்கட்டினார். ஒரு வளைவு, அதன் மேல் இரண்டு புள்ளிகள், இரண்டையும் இணைத்து ஒரு கோடு. பிறகு ஒரு புள்ளியை இன்னொன்றுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வைத்து இன்னொரு கோடு. அப்புறம் இன்னும் பக்கத்தில். பத்து நிமிடத்தில் பலகை கோழி கிளறிய குப்பைமேடு போலாகிவிடும். ஒரு நாள் ஒருத்தி எழுந்து கேட்டாளாம்: "ரெண்டு புள்ளியும் ஒண்ணாயிட்டா அப்புறம் எப்படி மேடம் கோடு போடுவீங்க? ஒரு புள்ளி வழியா எத்தனை கோடு வேணாலும் போடலாமே?"

அன்று ஆசிரியர் அறைக்கு வந்ததும் பையைத் தொப்பென்று வைத்தார். "நல்ல கேள்விம்மா அது. பொட்டில் அடிச்ச மாதிரி கேட்டா. பதில் எனக்குத் தெரியுது, காட்டத்தான் தெரியல. அசையறதை அசையாத பலகையில எப்படிக் காட்டறது?"

அந்த விடுமுறை முழுக்க அவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். நிரல் எழுதத் தெரியாது. யாரோ இலவசமாகப் போட்டிருந்த பாடங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "என் பொண்டாட்டி அந்தப் பெட்டியோட குடும்பம் நடத்தறா, எனக்குச் சோறு போட ஆளில்ல" என்று எங்களிடம் புகார் செய்துகொண்டே, அவருக்குப் பழைய மானிட்டர் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து சரிசெய்து கொடுத்தவரும் அவர்தான்.

கல்லூரி திறந்ததும் மேடம் வகுப்பில் அதைத் திரையில் போட்டார். ஒரு வளைவு. அதன் மேல் இரண்டு புள்ளிகள். கீழே ஒரு ஸ்லைடர். அதை விரலால் இழுத்தால் ஒரு புள்ளி நகர்ந்து நகர்ந்து மற்றதை நெருங்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு மெல்லத் திரும்பி, ஆடி அசைந்து, கடைசியில் ஒரே ஒரு சாய்வில் போய் அடங்கி நிற்கும். அதுதான் தொடுகோடு. யாரும் விளக்கவே தேவையில்லை. மாணவர்கள் தங்கள் போனிலேயே அதைத் திறந்து இழுத்துப் பார்க்கலாம். அன்று நான் கதவருகே நின்று பார்த்தேன். வகுப்பு முழுக்க "ஓ..." என்று ஒரு சத்தம். ஆசிரியராக இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அந்தச் சத்தம் லேசில் கிடைக்காது.

அதற்குப் பிறகு அவர் கை நிற்கவில்லை. லிஃப்ட் ஒன்று மாடியேறுவதைப் போல ஒரு கருவி செய்தார். லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று ஒரு படம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கீழே இன்னொரு படம். கணவர் பார்த்துவிட்டு, "என் லிஃப்ட் இப்படி நின்னா ஜனங்க என்னை அடிப்பாங்க" என்று சொன்ன பிறகு, அது குலுங்காமல் நிற்கிற மாதிரி மாற்றினார்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். கருவியைக் கொடுத்துவிட்டு, இஷ்டத்துக்கு இழுத்து விளையாடுங்கள் என்று அவர் விட்டதே இல்லை. அவர் வகுப்பில் ஒரு கட்டளை உண்டு. "கையை எடு! முதல்ல பாரு. என்ன ஆகும்னு சொல்லு. அப்புறம் தொடு." யாராவது யோசிக்காமல் ஸ்லைடரை இழுத்தால் பின்னாலிருந்து கத்தல் வரும். கண்ணும் மூளையும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு விரல் அதைச் சரிபார்க்க வேண்டும். அதற்குத்தான் கருவி என்பது அவர் கட்சி. தோற்றுப்போன காலத்தில் தனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை என்று ஆதங்கப்படுவார்.

தேர்ச்சி கூடியது. கல்லூரிக்கு வருகிற விருந்தினர்களை முதல்வர் அவர் வகுப்புக்குக் கூட்டிவர ஆரம்பித்தார். பிறகு ஒரு நாள் கம்பெனிக்காரர் வந்தார்.

கல்லூரிகளுக்குக் கற்பித்தல் செயலி விற்கிற கம்பெனி. இஸ்திரி கலையாத சட்டை, எதற்கும் சிரித்த முகம். முதல்வர் அந்தச் செயலியை மொத்தக் கல்லூரிக்கும் வாங்கிவிட்டார். மேடத்தின் கருவிகளையும் அதில் ஏற்றச் சொன்னார்கள். அவரும் சந்தோஷமாகக் கொடுத்தார். இன்னும் நிறையப் பேர் பயன்படுத்தினால் நல்லதுதானே என்றார்.

எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஒவ்வொரு மாணவரின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. அதற்கு "ஈடுபாடு" என்று பெயர். விடையை அமுக்குவது தவிர மாணவர் எத்தனை முறை திரையைத் தொட்டார், ஸ்லைடரை எவ்வளவு இழுத்தார் என்பதையெல்லாம் கணக்கிட்டுச் செயலியே நிறம் போட்டுவிடும். அந்த நிறத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு.

மேடம் கையைத் தூக்கினார். "யோசிச்சா எந்தக் கலர் வரும்?"

கம்பெனிக்காரர் சிரித்தார். "நல்ல ஜோக் மேடம்."

"ஜோக் இல்லங்க. என் பசங்க முதல்ல கையைக் கட்டிக்கிட்டு யோசிப்பாங்க. அது உங்க வட்டத்துல எங்க தெரியும்?"

"ஆக்டிவா இருக்கற ஸ்டூடண்ட் தொடத்தான் மேடம் செய்வாங்க. டேட்டா அப்படித்தான் சொல்லுது."

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். டீ வந்துவிட்டது. பேச்சு அதோடு முடிந்தது.

மேடத்தின் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் "சைலண்ட்". போனை சைலண்டில் போட்டால் எப்படியோ அப்படி. அழைப்பு வரும், சத்தம் வராது. கேள்வி கேட்டால் பதில் சரியாக இருக்கும், ஆனால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். வீட்டில் ஒரே போன். அவளும் தம்பியும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள்.

பருவத்தின் நடுவில் ஒரு தேர்வு. அதுவும் செயலியில்தான்; அவரவர் போனில், வகுப்பறையிலேயே உட்கார்ந்து. கேள்விகள் எல்லாம் மேடத்தின் கருவிகளை வைத்து அமைத்தவை. முடிவுகள் வந்த அன்று காலையில் துறைத்தலைவர் எங்கள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். கணக்கும் தெரிந்தவர். ஆனால் முதல்வருக்கு முன்னால் முதுகெலும்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்.

"உங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட ரிசல்ட்டை நிறுத்தி வச்சிருக்காங்க" என்றார். "விடையெல்லாம் கிட்டத்தட்ட சரி. ஆனா ஈடுபாடு பூஜ்ஜியம். ஸ்லைடரைத் தொடவே இல்ல. இழுக்காம விடை எப்படித் தெரியும்? யார்கிட்டயோ வாங்கி எழுதியிருக்கான்னு சிஸ்டம் சந்தேகப்படுது."

"சிஸ்டம் சந்தேகப்படுதா?" என்றார் மேடம்.

"ஆமா. விசாரணைக் குழு வைக்கணுமாம்."

"ரெண்டு கேள்வி தப்பாப் போட்டிருக்கா சார். திருடறவ ரெண்டு தப்பையும் சேர்த்தா திருடுவா?"

"எனக்குப் புரியுது மேடம். என் கையில ஒண்ணுமில்ல."

மேடம் அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். நானும் கூடவே போனேன். நூலகத்துக்குப் பின்னால் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. விஷயம் அதற்குள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் சுற்றி, அவளுக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"காப்பி அடிச்சியா?" மேடம் நேரடியாகக் கேட்டார்.

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் ஸ்லைடரைத் தொடவே இல்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே மேடம் கையை எடுக்கச் சொன்னீங்க."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவளே இன்னொன்றையும் சொன்னாள். போனை எடுத்துக் காட்டினாள். தம்பி கீழே போட்டதில் கண்ணாடி நடுவில் விரிசல் விட்டிருந்தது. படம் முழுக்கத் தெரிகிறது, ஆனால் வலப்பக்கப் பாதியில் தொட்டால் எதுவும் ஆகாது. அந்தப் பக்கம் செத்துவிட்டது. கேள்விகளில் புள்ளி நடுவில் ஆரம்பித்து வலப்பக்கம் போக வேண்டும். அவளால் அதைப் பிடிக்கவே முடியவில்லை. விடைக் கட்டங்கள் இடப்பக்கம் இருந்ததால் அவற்றை மட்டும் தொட்டிருக்கிறாள்.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொன்னா புதுசு வாங்கச் சொல்லுவாங்க மேடம்."

"சரி, அப்ப விடை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"போனைத் திருப்பினேன்" என்றாள்.

அவள் செய்ததை அங்கேயே காட்டினாள். மேடம் படிக்கட்டில் அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. அழுகையா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அறைக்கு வரும் வழியில் தெரிந்துவிட்டது. எதிரில் வந்த காவலாளி ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் ஒரு காரியம் செய்தார். செயலியில் ஆசிரியர்கள் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு போலி மாணவர் கணக்கு உண்டு. அதைத் திறந்து அதே தேர்வைக் கணவர் கையில் கொடுத்தார்.

"இதுல என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். மேட்ச் பாருங்க. கட்டை விரலால இதை இப்படியும் அப்படியும் இழுத்துக்கிட்டே இருங்க. கேள்வி வந்தா எதையாவது அமுக்குங்க."

மனிதர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்த்தார். விக்கெட் விழுந்தபோது இன்னும் வேகமாக இழுத்தாராம். விடை ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் வட்டம் பளிச்சென்று பச்சை. கூடவே ஒரு கோப்பைப் படமும் வந்து குதித்தது: "வாழ்த்துகள்! நீங்கள் மிகச் சிறந்த ஈடுபாடுடைய கற்போர்!"

"பாத்தியா?" என்றாராம் கணவர். "என் கணக்கு வாத்தியார் இன்னைக்கு இருந்திருக்கணும்."

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. கண்ணாடி போட்ட பெரிய மேசை, குளிரூட்டி, மூலையில் பிளாஸ்டிக் பூக்கள். முதல்வர், துறைத்தலைவர், கம்பெனிக்காரர் மூவரும் ஒரு பக்கம். இந்தப் பக்கம் சைலண்ட், மேடம். சாட்சி என்ற பேரில் மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். கம்பெனிக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று மேடம் கேட்டதற்கு, "டெக்னிக்கல் விஷயம் வந்தா விளக்குவார்" என்றார் முதல்வர். பொருளை விற்றவரே அதன் மேல் வந்த புகாரில் நீதிபதி.

முதல்வர் மென்மையாகத்தான் ஆரம்பித்தார். "பாரும்மா, ஒத்துக்கிட்டா பெரிசு பண்ண மாட்டோம். சின்னப் பொண்ணு, எதிர்காலம் இருக்கு."

சைலண்ட் தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்த சத்தத்தில் எல்லோரும் நிமிர்ந்தோம்.

"எதை ஒத்துக்கணும் சார்? யோசிச்சதையா?"

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. சிஸ்டம் தெளிவாச் சொல்லுது..."

"அந்த சிஸ்டம் என்னென்ன சொல்லுதுன்னு நானும் பாத்தேன் சார்." தன் போனை எடுத்து மேசையில் வைத்தார். "இதோ இவர் பச்சை வட்டம். கோப்பை வேற குடுத்திருக்கீங்க. இவர் எங்க வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். மேட்ச் பாத்துக்கிட்டே விரலை ஆட்டினார். ஒரு விடைகூடச் சரியில்ல. இவர் மேல உங்க சிஸ்டத்துக்கு ஒரு சந்தேகமும் வரல. எல்லாத்தையும் தப்பாப் போட்டவர் சிறந்த மாணவர், சரியாப் போட்டவ திருடி. இது என்ன நியாயம்?"

கம்பெனிக்காரர் சிரித்த முகத்தோடே சொன்னார். "அது டெஸ்ட் அக்கவுண்ட் மேடம். அதை வச்சு முடிவு பண்ணக் கூடாது."

"அப்ப நெஜ அக்கவுண்ட்ல விரலுக்கு மூளை முளைச்சிடுமா?"

துறைத்தலைவர் இருமினார். அது இருமல்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

முதல்வர் குரலை உயர்த்தினார். "சரி, தொடாம விடை எப்படி வந்ததுன்னு அந்தப் பொண்ணே சொல்லட்டும்."

சைலண்ட் எழுந்தாள். அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா" என்றார் முதல்வர். அவள் பேசுவதை விட்டுவிட்டுப் போனை மேசையின் கண்ணாடி மேல் வைத்தாள். அந்தத் தேர்வுக் கேள்விகளில் ஒன்று அதில் திறந்திருந்தது.

திரையில் ஒரு வளைவின் இடப்பாதி மட்டும் வரைந்திருந்தது. வலப்பாதி, புள்ளியை இழுத்தால்தான் வரும். இடப்பக்கம் ஒரு குன்று. அதன் உச்சி நடுவிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி. உச்சியில் சாய்வு பூஜ்ஜியம், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "வலப்பக்கம் எங்கே சாய்வு பூஜ்ஜியமாகும்?" என்பது கேள்வி. மேலே ஒரு குறிப்பு: இது ஒற்றைச் சார்பு. அதாவது, நடுப்புள்ளியில் ஊசியைக் குத்தி மொத்தப் படத்தையும் அரைச்சுற்று சுற்றினாலும் வளைவு மாறாது.

அவள் போனைப் பிடித்து மேசைமேலேயே மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினாள். அந்தச் செயலியில் படம் தானாகத் திரும்பாது. அதனால் இடப்பக்கம் இருந்த குன்று வலப்பக்கம் வந்து, கவிழ்ந்து, பள்ளமாக நின்றது. நடுவிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி அதன் அடி. அங்கே விரலை வைத்தாள். "இங்க சார்" என்றாள்.

துறைத்தலைவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, கணக்குக்காரர்தானே. "அட!" என்று அவரை அறியாமல் வந்துவிட்டது. பிறகு முதல்வரைப் பார்த்துவிட்டு மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டார்.

"நான் பாடம் எடுத்த இத்தனை வருஷத்துல," என்றார் மேடம், "ஒற்றைச் சார்புன்னா என்னன்னு இவ்வளவு அழகா யாரும் எனக்குக் காட்டினதில்ல. என் கருவியே இதைக் காட்டல. இவளைக் கூப்பிட்டுக் கைகுலுக்கியிருக்கணும் நீங்க. கூண்டுல நிக்க வச்சிருக்கீங்க."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி... முறைகேடு இல்லன்னு வச்சுக்குவோம். ஆனா சிஸ்டத்துல சந்தேகக் குறி விழுந்துடுச்சு. சும்மா எடுக்க முடியாது. ஒண்ணு பண்ணலாம். சலுகையா, மறுதேர்வு ஒண்ணு குடுக்கலாம். கம்ப்யூட்டர் லேப்ல, மேற்பார்வையோட."

"சலுகையா?" மேடம் எழுந்தேவிட்டார். "தப்பு பண்ணினது உங்க மெஷின். தண்டனை இவளுக்கு. அதுக்குப் பேரு சலுகையா சார்?"

"மேடம், உக்காருங்க."

"உக்கார மாட்டேன். அவ விடை சரி. அந்த மார்க்கைக் குடுங்க. அவ்வளவுதான் விஷயம்."

அப்போது சைலண்ட் அவர் முந்தானை நுனியைத் தொட்டாள். "நான் எழுதிடறேன் மேடம்" என்றாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. மேடம் அவளைப் பார்த்தார். சண்டை போட அவருக்குத் தெம்பிருந்தது. அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மேடம் உட்கார்ந்தார்.

மறுதேர்வு எழுதினாள். பின்னால் ஒருவர் நிற்க, மேலே கேமரா பார்க்க, நல்ல மவுஸ் வைத்து நல்ல திரையில். எல்லா விடையும் சரி. இந்த முறை ஸ்லைடரைத் தேவையில்லாமல் இப்படியும் அப்படியும் நிறைய இழுத்தாள் என்று மேற்பார்வைக்கு நின்றவர் பிறகு சொன்னார். வட்டம் பச்சை.

மதிப்பெண் வந்தது. ஆனால் அவள் பெயருக்குப் பக்கத்தில் "மறுதேர்வு" என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை நீக்க வழியே இல்லை என்றார்கள். வகுப்பில் சிலர் அவளைக் "காப்பி கேசு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மேடம் அவர்களைக் கிழிகிழி என்று கிழித்தார். அவர் எதிரில் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், முதுகுக்குப் பின்னால் நிறுத்தவில்லை.

பருவம் முடிந்ததும் சைலண்ட் கணக்கை விட்டுவிட்டு வணிகவியலுக்கு மாறிவிட்டாள். சொல்லிக்கொள்ள ஆசிரியர் அறைக்கு வந்தாள். மேடம் தடுக்கப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிடிக்கலையா கணக்கு?"

"பிடிக்கும் மேடம்."

"அப்புறம்?"

"அங்க யாரும் என்னைப் பாக்கறதில்ல மேடம். நிம்மதியா இருக்கு."

அவள் போன பிறகு மேடம் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். "விடுங்கக்கா. நாமதானே ஜெயிச்சோம். மார்க் வந்துடுச்சில்ல."

"என்னத்த ஜெயிச்சோம்?" என்று என் பக்கம் திரும்பினார். "ஒரு பொண்ணு சரியான விடை எழுதியிருக்கா. அதைப் பாத்ததும், எப்படிம்மா கண்டுபிடிச்சேன்னு கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. எங்கேருந்து திருடினேன்னுதான் தோணியிருக்கு. படிச்சவங்க சேர்ந்து நடத்தற இடம்மா இது!"

நான் எழுந்துபோய் அவருக்கு ஒரு டீ வாங்கி வந்தேன்.

ஆனால் அவர் உட்கார்ந்தே இருக்கவில்லை. ஈடுபாட்டு வட்டத்துக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கினார். ஆங்கிலத் துறையில் வேகமாகப் படிப்பவர்களெல்லாம் சிவப்பு, ஒரே பக்கத்தை மேலும் கீழும் உருட்டுபவர்களெல்லாம் பச்சை என்று அங்கிருந்த ஆசிரியை கொதித்துக்கொண்டிருந்தார். இப்படி ஆங்காங்கே கொதித்துக்கொண்டிருந்தவர்களை மேடம் ஒன்று சேர்த்தார். ஆசிரியர் கூட்டத்தில் முதல்வருக்கு வேறு வழியில்லாமல் போய், வட்டத்துக்கு இனி மதிப்பெண் கிடையாது என்று அறிவித்தார். வட்டத்தை மட்டும் எடுக்கவில்லை. "தகவலுக்காக" இருக்கட்டும் என்றுவிட்டார்.

தன் கருவிகளைச் செயலியிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மேடம் கேட்டார். ஏற்றியவை ஏற்றியவைதான், அவை இனி கம்பெனியின் சொத்து என்று பதில் வந்தது. தன் வீட்டுப் பிள்ளையைத் தான் கூட்டிப்போக அனுமதி கேட்கிற நிலை. அதற்குச் சில மாதம் கழித்து அதே கம்பெனிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். விளம்பரப் படம் ஒன்று எடுக்கிறார்களாம். நுண்கணிதத்தை இன்டராக்டிவாகக் கற்பிக்கும் முன்னோடி ஆசிரியை என்று மேடம் அதில் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.

"ரெண்டு வார்த்தைதானே, இப்பவே சொல்றேன், எழுதிக்குங்க" என்றார் மேடம். அவர் சொன்ன இரண்டு வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. ஆசிரியர் அறையே கைதட்டியது.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்தார். இப்போது அவை யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு சாதாரண இணையப் பக்கத்தில் இருக்கின்றன. உள்ளே நுழையப் பெயர் கேட்காது, எதையும் எண்ணாது, வட்டம் கிடையாது. என்ன ஆகும் என்று உங்கள் யூகத்தைச் சொல்லாதவரை புள்ளி அசையவும் அசையாது. வேறு ஊர்க் கல்லூரிகளிலிருந்தும் பயன்படுத்துகிறார்களாம். எங்கள் கல்லூரியில் மட்டும் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்த அனுமதியில்லை. அவர் வகுப்பைத் தகரக்கூரை போட்ட பின்கட்டடத்துக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் அங்கே யார் பேசினாலும் கேட்காது. அவர் பேசினால் கேட்கிறது.

போன வாரம் ஒரு அம்மா ஆசிரியர் அறைக்கு வந்தார். வேலைக்குப் போகும் வழியில் இறங்கி வந்திருக்கிறார். தோளில் பை, கையில் குடை, முகத்தில் கலவரம். மகனின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் என்று கல்லூரியிலிருந்து தானாகவே ஒரு செய்தி போயிருக்கிறது.

"பையன் ராப்பகலா படிக்கறான்னு நெனச்சேன் மேடம். ஏமாத்தறானா?"

மேடம் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ஏமாத்தல. உங்க பையன் கணக்கை என்கிட்டதான் படிக்கறான். நல்லாப் போடறான். அந்தச் சிவப்பு எதை அளக்குதுன்னு எனக்குத் தெரியாது. அனுப்பினவங்களுக்கும் தெரியாது."

"அப்ப எதுக்கு அனுப்பினாங்க?"

"நல்ல கேள்வி" என்றார் மேடம். எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாங்க, முதல்வர்கிட்டயே கேட்டுடுவோம். நானும் கூட வர்றேன். நீங்க கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."

இரண்டு பேரும் நடைகூடத்தில் இறங்கி முதல்வர் அறைப் பக்கம் வேகமாகப் போனார்கள்.